உள்ளானைத் தின்னாதீர்கள், போய்ப் பாருங்கள்!

"ஏனுங்க டாக்டரு, மூட்டு வலிக்கு உள்ளான் கறி நல்லதாமுங்களே, நெசந்தானுங்களா?"

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் போதும், வெள்ளகோவிலில் என் வைத்தியசாலைக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர்கள் படிக்காதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். காரில் வந்து இறங்குகிறவர்களும்தான். இளைப்புக்குக் கொக்கு, மூட்டுக்கு உள்ளான், நரம்புக்குக் காட்டுக் காடை என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். குணபாடத்தில் தாது-சீவ வகுப்பு என்று ஒரு பகுதி உண்டு. பறவை இறைச்சியின் குணங்களும் அதில் வரும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இரண்டொருவரிடம் "காடை கிடைத்தால் சாப்பிடுங்கள்" என்று சொன்னதுண்டு. இன்று சொல்ல மாட்டேன்.

காட்டுப் பறவையைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது ஒருபுறம். அந்த ஏடுகள் எழுதிய காலத்தில் வயலில் பூச்சி மருந்து கிடையாதே! இன்றைக்கு விஷம் கலந்த தானியத்தைத் தூவிப் பறவை பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பையில் மறைத்து விற்கிறவன், அது எப்படிச் செத்தது என்று உங்களிடம் சொல்வானா? தெம்புக்கு நாட்டுக்கோழி இருக்கிறது, பண்ணைக் காடை இருக்கிறது. சைவக்காரர்களுக்கு உளுந்தங்களி இருக்கிறது.

சரி, இந்த உள்ளான் யார் தெரியுமா? கொசு உள்ளான் என்று ஒரு ரகம். எடை 20, 30 கிராம்தான். ஒரு எலுமிச்சம்பழம் அதைவிடக் கனமாக இருக்கும். வடதுருவத்தை ஒட்டிய பனிப் பிரதேசத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் குளத்துச் சேற்றுக்கு வருகிறது. அதில் போய் என்ன கறி தேறும், சொல்லுங்கள்!

திருப்பூர் பக்கம் ஊத்துக்குளி சாலையில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வரித்தலை வாத்து அங்கே வந்து போகிறது. இமயமலையைத் தாண்டும்போது 7,000 மீட்டருக்கும் மேலே அது பறந்ததைக் கருவி பொருத்திக் கண்டறிந்திருக்கிறார்கள். ஈரோடு பக்கம் வெள்ளோடு சரணாலயத்தைச் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள், பறவைகள் மிரளுமே என்று பல வருடமாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. குழந்தைகளையும் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் ஊரைச் சுற்றிக் கிளுவை வேலி போட்ட கொரங்காடு இருக்கிறதே, காங்கேயம் மாடு மேய்கிற அதே காடு, அங்கே நில்லுங்கள். புல்லுக்கு மேலே தாழப் பறந்து வெட்டுக்கிளி தேடுவது பூனைப்பருந்து. கஜகஸ்தான் பக்கமிருந்து வருகிற விருந்தாளி. ராத்திரி தரையில் புல்லுக்குள்தான் தங்கும். அந்தப் புல்தரையைத்தான் நாம் சைட் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறோம்.

கூதிர் காலத்தில் காலையில் எழுந்திருக்கச் சோம்பல் வரும். சர்க்கரைக்காரர்கள் நடையை விடுவது இந்த இரண்டு மாதத்தில்தான். "நடங்க" என்று சொன்னால் யாரும் நடப்பதில்லை. "எத்தனை குருவி பார்த்தீங்கன்னு எழுதிட்டு வாங்க" என்றால் நடக்கிறார்கள்! காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு, ஆறரை மணிக்குக் கிளம்பினால் போதும். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. பேரப்பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.

முதலில் சொன்னேனே, உள்ளான் கறி கேட்ட பெரியவர், அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து அனுப்பினேன். மூட்டு வலிக்குத் தைலமும் கொடுத்தேன், அது வேறு. போன வாரம் வந்தார். வலியைப் பற்றிப் பேசவே இல்லை.

"கார்த்திகையே வந்துருச்சு, எங்க காட்டுக்குப் பூனைப்பருந்து இன்னும் வரலீங்களே டாக்டரு?" என்று கேட்டார்.