வேனை மாற்றும் முன் ஜெனரேட்டரை மாற்றுங்கள்

எங்கள் குடியிருப்புக்கு வாரம் இரண்டு முறை ஒரு தம்பி பழைய பெட்ரோல் வேனில் வருவார். பின்னால் தண்ணீர் டேங்க், ப்ரெஷர் வாஷர், வாக்குவம் கிளீனர், ஒரு சின்ன ஜெனரேட்டர். கார் கழுவுவார், சோபா, மெத்தை சுத்தம் செய்வார். பில் போடுவதற்காகச் சமீபத்தில் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். சென்ற மாதம் என்னிடம், "சார், எலெக்ட்ரிக் வேனுக்கு லோன் தருகிறேன் என்கிறார்கள். பெட்ரோல் செலவே இல்லையாம். எடுத்துவிடலாமா?" என்று கேட்டார்.

"தம்பி, என்னிடம் கேட்காதீர்கள். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரிடம் கேளுங்கள்" என்றேன். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பத்து லட்சம் ரூபாய் முடிவை ஷோரூமில் தரும் வழவழப்பான தாளைப் பார்த்து எடுப்பவர்கள், மேஜை மேல் இருக்கும் எக்ஸெல்லைத் திறப்பதே இல்லை. எக்ஸெல் இல்லாவிட்டாலும் கவலையில்லை. லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கிறது, வேலை ஒன்றுதான்.

புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்து, இடது பக்கக் கட்டங்களில் பெயர்களையும் அடுத்த கட்டங்களில் எண்களையும் டைப் செய்யுங்கள். ஒரு நாள் ஓட்டம் 40 கிலோமீட்டர். மாதம் 25 நாள். நகர நெரிசலில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர். பெட்ரோல் ரூ.100. இப்போது காலியான கட்டத்தில் சமக்குறி போட்டு, பெட்ரோல் விலை உள்ள செல்லில் கிளிக் செய்து, சாய்ந்த கோட்டை டைப் செய்து, மைலேஜ் உள்ள செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். கிலோமீட்டருக்கு சுமார் ரூ.7.70 என்று வரும். எந்த எண்ணை மாற்றினாலும் விடையும் தானே மாறும். நோட்டுப் புத்தகத்தில் கிடைக்காத வசதி இது.

எலெக்ட்ரிக் பக்கத்துக்கு வருவோம். 2022ல் அறிமுகமான டாட்டா ஏஸ் இ.வி.யில் 21.3 யூனிட் பாட்டரி; ஒரு சார்ஜில் 154 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னது. என் வழக்கம், கம்பெனி சொல்வதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புவது. 102 கிலோமீட்டர் என்று வைப்போம். சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.24 யூனிட். யூனிட் ரூ.10 என்றால் ரூ.2.40. கிலோமீட்டருக்கு ரூ.5.30 மிச்சம், மாதம் ரூ.5,300. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு வேன்களின் விலை வித்தியாசம் 4 லட்சம் என்று டைப் செய்து வகுத்துப் பாருங்கள். 75 மாதம் என்று வரும். ஆறு வருடத்துக்கு மேல்! லோன் வட்டி இதில் சேரவில்லை.

தினசரி ஓட்டத்தை 80 ஆக மாற்றினால் அதே 75, 38 மாதமாக இறங்கிவிடும். நாள் முழுக்க ஓடும் கூரியர் வேனுக்கு எலெக்ட்ரிக் லாபம். நான்கு தெருவுக்குள் சுற்றிவிட்டு, மீதி நேரம் நின்ற இடத்தில் வேலை செய்பவருக்கு அவ்வளவு லாபம் இல்லை. இதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. ஹைபிரிட் பற்றியும் தம்பி கேட்டார். இங்கே ஹைபிரிட் என்று பெயர் பெற்றவை இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா போன்ற குடும்பக் கார்கள். தண்ணீர் டேங்க் ஏற்ற அவற்றை யாரும் வாங்க மாட்டார்கள்.

எங்களுக்கு ஆச்சரியம் தந்தது அடுத்த வரிதான். ஜெனரேட்டர் தினமும் மூன்று மணி நேரம் ஓடுகிறது. மணிக்கு சுமார் ஒரு லிட்டர். நாளுக்கு ரூ.300, மாதம் ரூ.7,500! வேனை மாற்றினால் மிச்சமாவதைவிட இது அதிகம். அந்த மூன்று மணி நேரத்தில் வாஷருக்கு உண்மையில் தேவைப்படும் மின்சாரம் ஏறத்தாழ 4 யூனிட்தான். 5 யூனிட் பிடிக்கும் லித்தியம் பாட்டரியும், வாஷர் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டைத் தாங்கும் இன்வர்ட்டரும் பழைய வேனிலேயே வைத்துவிடலாம். விலை ரூ.1,50,000 என்று டைப் செய்து, சார்ஜ் செலவு மாதம் ரூ.1,250ஐக் கழித்துப் பார்த்தோம். 24 மாதத்தில் போட்ட பணம் திரும்புகிறது. உங்கள் ஊர்க் கடையில் விலை கேட்டு அந்த ஒரு எண்ணை மட்டும் திருத்திக் கொள்ளுங்கள்.

பணம் மட்டுமல்ல. அடுக்குமாடிகளின் பேஸ்மென்ட்டில் ஜெனரேட்டர் ஓட்டுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது; மூடிய இடத்தில் ஆளையே கொல்லும். சத்தத்துக்காக அசோசியேஷன்காரர்கள் போடும் சண்டை தனி.

இவ்வளவுக்கும் பிறகு, உங்கள் ஓட்டம் அதிகம், எலெக்ட்ரிக் வேன்தான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் டேங்கின் எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 600 கிலோ ஏற்றும் வண்டியில் 500 லிட்டர் டேங்க் வைத்தால் மெஷின்களுக்கு 100 கிலோதான் மிஞ்சும். வேன் பாட்டரியிலிருந்தே மெஷின் ஓட்ட பிளக் பாயிண்ட் உண்டா என்றும் கேளுங்கள். உண்டு என்றால் 4 யூனிட் எடுப்பதால் குறையும் ஓட்டம் 19 கிலோமீட்டர்தான். இல்லை என்றால், தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்து ஒயரை வெட்டி எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அதில் இருப்பது உயிரை எடுக்கும் வோல்டேஜ்.

தம்பி அந்த ஒர்க் ஷீட்டை "வேன்" என்று பெயர் கொடுத்து சேவ் செய்து வைத்திருக்கிறார். லோன்காரரிடம் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார். இப்போது பாட்டரிக்கு விலை விசாரித்துக் கொண்டிருக்கிறார்.