கடிகாரத்துக்கு ஒரு கட்டை, பி.பி. மெஷினுக்கு வேறு கட்டை!

அன்னூர் பக்கம் தோட்டத்தில் இருக்கும் எங்கள் அம்மிச்சி தினமும் காலையில் பி.பி. பார்ப்பார். போன வாரம் மெஷின் பாதிக் காற்றை ஏற்றிவிட்டு நின்றுபோனது. "இப்பத்தான் கண்ணு புதுக் கட்டை போட்டேன்" என்றார். புதுசுதான். ஆனால், சுவர்க் கடிகாரத்துக்காக வாங்கி வைத்தது!

ஒரே அளவில் இருந்தாலும் எல்லா பேட்டரியும் ஒன்றல்ல. விலை குறைந்தது பெரும்பாலும் ஜிங்க் கார்பன் வகை. கடிகாரம், டி.வி. ரிமோட் போல மெதுவாக மின்சாரம் எடுப்பவற்றுக்கு அது தாராளம். பி.பி. மெஷினுக்குள் காற்றை ஏற்ற ஒரு மோட்டார் இருக்கிறது. அது ஒரே மூச்சில் அதிக மின்சாரம் இழுக்கும்போது ஜிங்க் கார்பனின் வோல்டேஜ் சரிந்துவிடும். அங்கே அல்கலைன்தான் சரி.

கடையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பேட்டரி மேலேயே பொடி எழுத்தில் இருக்கும். 'ஏஏ' அளவில் 'ஆர்6' என்றால் ஜிங்க் கார்பன், 'எல்ஆர்6' என்றால் அல்கலைன். சின்ன 'ஏஏஏ' அளவில் 'ஆர்03', 'எல்ஆர்03'. டவுன்ஹால் பக்கம் மொத்தமாக வாங்கினால் மலிவுதான். ஆனாலும் அட்டையில் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

குழந்தைகளின் பொம்மை வாரம் ஒரு செட்டைத் தின்கிறதா? சார்ஜ் செய்யும் நிக்கல் வகை வாங்கினால் போட்ட காசு திரும்பிவிடும்.

வீட்டு இருப்புக்கு அல்கலைனில் ஏஏ நான்கு, ஏஏஏ நான்கு, கடிகாரத்துக்கு மலிவு வகை இரண்டு போதும். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், ஈரம் கோக்கும். பழசையும் புதுசையும் ஒரே மெஷினில் கலந்து போட்டால் பழசு கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

அம்மிச்சி வீட்டு டிராயரில் இன்னொன்றையும் பார்த்தேன். எடை மெஷினிலிருந்து கழற்றிய பட்டன் செல், மூடியில்லாத டப்பாவில். லீவுக்கு என் அக்கா மகன் அங்கேதான் வரப்போகிறான், இரண்டு வயது. எனக்குத் திக்கென்றது.

'சிஆர்2032' எனும் இந்த செல் 20 மில்லிமீட்டர் அகலம். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அங்கிருக்கும் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, 2 மணி நேரத்திலேயே சதை வெந்துபோகலாம். தீர்ந்துபோன செல்லும் இதைச் செய்யும். மூச்சுத் திணறலே இல்லாமல், எச்சில் வடிவது, சாப்பிட மறுப்பது, இருமல் என்று மட்டும்கூடத் தெரியலாம்.

சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடு தராதீர்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, விழுங்கவும் முடிகிறது என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் 6 முறை. தேன் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனே கூடாது.

வீட்டில் பட்டன் செல் போடும் பொருட்களை இன்றே எடுத்துப் பாருங்கள். மூடியில் ஸ்க்ரூ இல்லாதவை பரண் மேல் போகட்டும். தீர்ந்த செல்லின் இரண்டு பக்கமும் செலோ டேப் ஒட்டி, குப்பையோடு சேர்க்காமல் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள்.