எல்லை கடந்த பறவைகளும் எல்லை கடந்த மாநாடும்

ஆர்க்டிக் ஆலா என்னும் கடற்பறவையின் எடை ஏறத்தாழ 100 கிராம். கிரீன்லாந்தில் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, குளிர்காலம் வருமுன் தென்துருவக் கடலை நோக்கிப் பறந்து சென்று, அடுத்த ஆண்டு திரும்பி வருகிறது. அதன் காலில் 1.4 கிராம் எடையுள்ள கருவியைப் பொருத்தி ஆராய்ந்தனர். ஓர் ஆண்டில் அது சராசரியாக 70,000 கி.மீ.க்கு மேல் பறக்கிறது என்பது 2010ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வால் தெரியவந்தது.

இத்தகைய பறவைகளை ஒரு நாட்டினர் மட்டுமே முழுமையாக அறிந்துவிட முடியுமா? கூடு கட்டும் தீவை ஒருவர் அறிவார். இரை தேடும் கடலை வேறொருவர் அறிவார். அல்பட்ராஸ் பறவைகள், மீன்பிடிக் கப்பல்கள் இடும் நீண்ட தூண்டில் கயிறுகளில் உள்ள இரையைக் கவ்வி, முள்ளில் சிக்கி, நீரில் மூழ்கி இறக்கின்றன. கப்பலின் பின்புறம் வண்ண நாடாக்களைப் பறக்கவிட்டாலும், இரவில் தூண்டில் இட்டாலும் இவ்விறப்பு குறையும். இவ்வெளிய வழி ஒரு துறைமுகத்தில் தெரிந்து மற்றொன்றில் தெரியாதிருந்தால் பயன் என்ன?

ஆகவே, 2015ஆம் ஆண்டு தொடங்கிய உலகக் கடற்பறவை ட்விட்டர் மாநாட்டை நல்லதொரு முயற்சி என்பேன். அதில் பங்கேற்க விமானச் சீட்டும் விசாவும் தேவைப்படவில்லை. அன்று ஒரு பதிவு 140 எழுத்துகளைத் தாண்டலாகாது. பல்லாண்டு உழைப்பைச் சில வரிகளில் சொல்ல வேண்டுமெனில், சொல்பவருக்கு முதலில் தெளிவு வேண்டும்.

நேரில் கூடினாலன்றி நட்பும் ஆழ்ந்த விவாதமும் வளரா என்பர் சிலர். அது உண்மையே. ஆயினும், நேரில் கூடும் மாநாட்டிற்குச் செல்லப் பொருள்வசதி வேண்டும். தொலைதூரத் தீவில் பணிபுரியும் இளம் ஆய்வாளர் பணமின்மையால் மௌனமாக இருப்பது அறிவுலகிற்கே இழப்பாகும். எனவே, இருவகை மாநாடுகளும் நடைபெற வேண்டும்.

இத்துடன் பணி முடிந்துவிடுவதில்லை. ஆய்வாளர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டவை, மீனவர் பேசும் மொழிகளிலும் எளிய நடையில் எழுதப்பட வேண்டும். பறவையைப் பற்றி எழுதுவது ஆய்வாளரின் கை. கடலில் தூண்டில் இடுவதோ மீனவரின் கை. அவ்விரு கைகளும் இணைந்தாலன்றிக் கடற்பறவைகளுக்கு வாழ்வில்லை.