பானட்டுக்குள் ஒரு குடித்தனம்



குற்றாலம் ஐந்தருவியில் வண்டியை நிறுத்தியதும் நாம் முதலில் செய்வது கண்ணாடியை ஏற்றுவதுதான். குரங்குப் பயம். நேந்திரங்காய் சிப்ஸ், பிள்ளைகளின் பிஸ்கட், வழியில் வாங்கிய ரம்புட்டான் எல்லாவற்றையும் சீட்டுக்கு அடியில் தள்ளுகிறோம். நான்கு கதவையும் இழுத்துப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் குப்பியும் துண்டுமாக அருவிக்கு நடக்கிறோம். குரங்கு ஏமாந்துவிடும். எலி ஏமாறாது. அதற்குக் கண்ணாடி வழி வேண்டாம். டயரில் ஏறி, சஸ்பென்ஷன் கம்பியைப் பிடித்து, சூடு ஆறாத இஞ்சினுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். சாரலில் நனைந்த எலிக்கு அதைவிட நல்ல விடுதி இந்தக் குற்றாலத்தில் கிடைக்காது.

சாரல் நேரத்தில் அருவியைப் பற்றி எழுதாமல் எலியைப் பற்றியா என்று முகம் சுளிக்க வேண்டாம். இலஞ்சி, மேலகரம், செங்கோட்டைப் பக்கத்து வாசகர்களின் கடிதங்களில் கொஞ்ச காலமாக இந்தப் புலம்பல்தான் அதிகம். சுற்றுலா வேன் வைத்திருப்பவர்கள், மகன் வாங்கிக் கொடுத்த காரை வாரம் ஒருமுறை கோயிலுக்கு மட்டும் எடுக்கும் பெரியவர்கள், பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டு ஸ்கூட்டரை வீட்டில் நிறுத்துகிற ஆசிரியைகள் என்று எல்லோருக்கும் ஒரே கதை. சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது. பானட்டைத் தூக்கினால் பேட்டரி பக்கத்தில் காய்ந்த இலையும் தேங்காய் நாரும் பாலிதீன் துணுக்குமாக ஒரு கூடு இருக்கும்.

இந்தக் கடிதங்கள் வரும் மாதங்களைக் கவனித்தால் ஒன்று புரிகிறது. ஜூனில் தொடங்கும் சீசன் செப்டம்பரோடு ஓய்கிறது. நான்கு மாதம் ஓயாமல் ஓடிய வேன்கள் அப்போதுதான் வீட்டோரத்திலும் வயலோரத்திலும் நிற்க ஆரம்பிக்கின்றன. கார் நெல் அறுவடையும் அதை ஒட்டியே வருகிறது. வரப்பு வளையில் தின்று கொழுத்த எலிக்கு அறுத்த வயலில் மறைவும் இல்லை, தீனியும் இல்லை. பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை வந்து வளைக்குள் தண்ணீர் புகுந்தால் அது மேட்டையும் சூட்டையும் தேடி ஊருக்குள் வரும். பிசான நெல் அறுப்பு முடிந்த பிறகும் இதே கதைதான். வண்டி ஓய்கிற நேரமும் எலி வீடு மாறுகிற நேரமும் நம் பக்கத்தில் ஒன்றாக வந்துவிடுகின்றன. எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தான். அதனால் ஒரு மாதம் அசையாமல் நின்ற வேனில் ஒரு தலைமுறையே பிறந்துவிடும்.

சரி, வயரில் அப்படி என்ன ருசி? தென்காசியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் கேட்டேன். "ருசியாவது ஒண்ணாவது, அண்ணாச்சி. பல்லு வளந்துக்கிட்டே இருக்குல்லா, எதையாவது கடிச்சாத்தான் அதுக்கு நிம்மதி" என்றார். உண்மைதான். எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்பவை. தேயாமல் விட்டால் ஆண்டுக்கு நாலைந்து அங்குலம் நீளும். அந்தப் பல்லின் முன்பக்கத்தில் மட்டும் கடினமான எனாமல் இருப்பதால், கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் தேய்ந்து விளிம்பு தானாகவே கூராகிறது. சோயா கலந்த வயர் உறைதான் எலியை இழுக்கிறது என்று அமெரிக்காவில் கார் வாங்கியவர்கள் கம்பெனிகள்மேல் வழக்கே போட்டார்கள். கம்பெனிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அதில் முழு நம்பிக்கை இல்லை. சோயா வராத காலத்து வண்டிகளின் வயரையும் எலி விட்டுவைத்ததில்லை. ஹோண்டா கம்பெனி மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் ஒன்றை வயரில் சுற்றுவதற்கென்றே விற்கிறது. எங்கேயும் எலித் தொல்லை இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

தென்காசி ஸ்டாண்டில் அம்பாசடர்கள் நின்ற காலத்தில் வயரை எலி கடித்தால் டிரைவரே பிளேடும் இன்சுலேஷன் டேப்பும் எடுத்து ஒட்டுப்போட்டுக் கிளம்பிவிடுவார். மொத்தமே கொஞ்சம் வயர்தானே. 2014இல் அந்தக் கார் உற்பத்தியே நின்றுபோனது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வண்டிக்குள் சென்சார்கள் பெருகிவிட்டன. அவற்றின் மெல்லிய வயர் ஒன்றில் பல் பட்டால் போதும், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், வண்டி இழுக்காது. ஒட்டுப்போட்டு ஓட்டலாமா, முழு வயரிங் கிட்டையும் மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கான பதில் எத்தனை வயர் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு என்பதால், கிட்டை மாற்றச் சொன்னால் கடிபட்ட இடத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள்.

பணம் போனால் போகட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து தீ. உறை உரிந்த இரண்டு வயர்கள் உரசினால் பொறி பறக்கும். பெட்ரோல் ஹோஸில் பல் பட்டிருந்தால் கசிவு. இஞ்சின் மேல் கிடக்கும் காய்ந்த கூடோ வெறும் சருகு, சூட்டில் பற்றிக்கொள்ளும். பல நாள் நின்ற வண்டியை பானட்டைத் தூக்கிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எலிப் புழுக்கை, மூத்திர நாற்றம், ஏர் ஃபில்டர் டப்பாவில் நார், பானட்டின் உள்பக்கப் பஞ்சில் ஓட்டை ஆகியவை முதல் அடையாளங்கள். ஏசியைப் போட்டதும் வாடை அடித்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். காற்று உள்ளே வரும் வழிக்குக் கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலை போட்டால் எலி அந்த வழியாக நுழையாது. அதை மெக்கானிக் கையால் போடுவதே நல்லது, சுழல்கிற பாகத்திலும் சுடுகிற பாகத்திலும் வலை பட்டுவிடக் கூடாது.

கைவைத்தியங்களுக்குக் குறைவில்லை. புகையிலையைத் துணியில் கட்டி பானட்டுக்குள் தொங்கவிடுவது நம் பக்கத்தில் எல்லா டிரைவரும் செய்வது. கொஞ்ச நாள் கேட்கும். நெடி இறங்கியதும், அதுவும் சாரல் ஈரத்தில் சீக்கிரமே இறங்கிவிடும், எலி அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். புதினா எண்ணெய்க்கும் கடையில் விற்கும் ஸ்ப்ரேக்கும் இதே கதிதான், விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்துருண்டையை மட்டும் வண்டிக்குள் வைக்காதீர்கள். மூடிய கண்ணாடிக்குள் அந்த நாப்தலின் ஆவி சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது, ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு ரத்த அணுக்களையே சிதைத்துவிடும். மீயொலிக் கருவி என்று விற்கிறார்களே, அதைப் பற்றி அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001லேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்துவிட்டது. விளம்பரத்தில் சொல்கிறபடி எலியை விரட்டும் என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்றது.

காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு, அதைத்தான் யாரும் செய்வதில்லை. வண்டியை அசைக்க வேண்டும். எலி சந்தேகப் பிராணி. புதிதாக ஒன்று வந்தால் சில நாள் கிட்டே போகாது, மாறாமல் கிடப்பதை மட்டும் நம்பும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வண்டியை எடுத்துத் தெருவைச் சுற்றிவந்து, நாலடி தள்ளி நிறுத்துங்கள். ஷெட்டுக்குள் நிற்கும் வண்டியென்றால் இரவில் பானட்டைத் தூக்கியே வைக்கலாம். இருட்டும் மறைவும் போனால் எலிக்கு அந்த இடம் பிடிக்காது. திறந்த வெளியில் சாரலுக்கு நடுவே இதைச் செய்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

நிறுத்தும் இடத்தையும் பார்க்க வேண்டும். எலி நட்டநடுவில் ஓடாது, சுவரோரமாகவே போகும். சுவரை ஒட்டி, புதரை ஒட்டி, குப்பைத் தொட்டிக்கு அருகில், கனிந்து உதிரும் பலா மரத்துக்கு அடியில் வண்டி போடுவது அதன் நடைபாதையிலேயே போடுவதுதான். ஐந்தருவிச் சாலையில் காட்டையும் தோப்பையும் ஒட்டிய விடுதிகளில் ஓரிரு நாள் தங்குகிறவர்கள் நிழலைத் தேடாமல் வெட்டவெளியைத் தேடுங்கள். தின்பண்டத்தையும், தின்ற பிறகு மிஞ்சும் கவரையும் அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள். பார்டர் கடையில் வாங்கிய புரோட்டாப் பார்சலின் சால்னா கொஞ்சம் வண்டியின் கால்மிதியில் சிந்தியிருந்தால் அந்த வாசனை பல நாள் எலிக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருக்கும்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வினை இல்லை. கலிபோர்னியாவில் செக்குவோயா தேசியப் பூங்காவில் மினரல் கிங் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. மலையேற வருகிறவர்கள் அங்கே காரை நிறுத்திவிட்டுப் போனால், மார்மட் என்னும் பெரிய தரை அணில்கள் ரேடியேட்டர் ஹோஸைக் கடித்துவிடும். அதனால் காரை அடியோடு சேர்த்துத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் மலையேறுகிறார்கள். இஞ்சினிலேயே உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்த மார்மட்களும் உண்டாம். ஜெர்மனியில் கீரி சாடையில் இருக்கும் மார்ட்டன் என்ற விலங்கு ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களில் பல் பதிக்கிறது, அங்கே இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதற்குத் தனிக் கணக்கே வைத்திருக்கின்றன.

விஷத்தைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப்போகிறேன். வண்டிக்குள் எலி மருந்து வைக்காதீர்கள். தின்ற எலி உடனே சாவதில்லை, டாஷ்போர்டுக்குப் பின்னால் கை எட்டாத மூலையில் போய்ச் சாகும். அப்புறம் வரும் நாற்றத்துக்கு டாஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். வெளியில் போய்ச் செத்தால் கூகைக்கும் சாரைக்கும் இரையாகும், விஷமும் அவற்றின் வயிற்றுக்குப் போகும். எலியைப் பிடிக்கச் சம்பளமில்லாமல் வேலை செய்கிற அந்த இரண்டையும் கொன்றுவிட்டு நாம் எங்கே போவது? ஐந்தருவித் தண்ணீர் சிற்றாற்றில் விழுந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. அந்தத் தண்ணீர் ஓரத்தில் விஷத்தைக் கையில் எடுக்கவே கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழக அரசு தடை செய்திருப்பது தெரிந்திருக்கும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு பிள்ளைகள் இறந்துபோனார்கள். அதைப் படித்த பிறகும் கார் ஷெட்டில் மருந்து வைக்க எனக்குக் கை வராது.

பிடித்தே ஆகவேண்டும் என்றால் எலிக்கூண்டு போதும். டெல்டாவில் மூங்கிலில் செய்கிற தஞ்சாவூர் கிட்டி வயலுக்கு அருமையான கருவி, பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு ஆகாது. கூண்டை இஞ்சின்மேல் வைக்காமல் சுவரோரத் தரையில் வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கதவைக் கட்டிவைத்து, கருவாடோ வடையோ சும்மா தின்னவிடுங்கள். பழகிய பிறகு கதவை அவிழ்த்துவிட்டால் மாட்டிக்கொள்ளும்.

கூட்டைச் சுத்தம் செய்கிறவர்கள் வெறுங்கையால் வாரிவிட வேண்டாம். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு பக்கத்துக் கேரளத்தில் அந்தக் காய்ச்சல் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை மலைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவர்கள் நாம். கையுறையும் மாஸ்க்கும் போட்டு, பிளீச்சிங் கரைசலை முதலில் தெளித்து ஊறவிட்டு, பிறகு அள்ளுங்கள். துடைப்பத்தால் காய்ந்தபடி பெருக்கினால் தூசியோடு எல்லாம் மூக்குக்குள் போகும். காலில் புண் இருந்தால் வண்டி நிற்கும் சகதியில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலி விவரத்தையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் எடுத்தவருக்கு எலிக்கடிக்கு ஒரு காசு கிடைக்காது. முழு பாலிசி இருந்தாலும் தருவதும் மறுப்பதும் கம்பெனிக்குக் கம்பெனி, பாலிசிக்குப் பாலிசி வேறுபடுகிறது. எலிக்கடி சேருமா என்று புதுப்பிக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கிளெய்ம் செய்தால் அடுத்த ஆண்டு நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்பதால், சின்ன ஒட்டுவேலைக்குக் கைக்காசே லாபம். பெரிய சேதமென்றால் வயரைத் தொடாமல் போட்டோ எடுத்து, சர்வேயர் பார்த்த பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஐந்தருவியில் வாகனக் காப்பகம் எடுத்து நடத்துகிறவர்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மூடியுள்ள குப்பைத் தொட்டிகள் வையுங்கள், ராத்திரிக்கு முன்னால் அவற்றைக் காலி செய்யுங்கள், வண்டி நிற்கும் இடத்துச் சுவரோரப் புதரை வெட்டிவிடுங்கள். வாசகர்களில் வேன் வைத்திருப்பவர்கள் உங்கள் கையில் பலித்த உபாயத்தை ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறோம். விஷ உபாயங்களை மட்டும் அனுப்ப வேண்டாம், போடமாட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்