றொசல்லயிலிருந்து கட்டுநாயக்க எவ்வளவு தூரம்?

கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குப் பறக்க எவ்வளவு நேரமாகும் என்று வினவினால், ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம் என்று உடனே பதில் கிடைக்கும். திருச்சிக்கு ஒரு மணித்தியாலம். துபாய்க்கு நாலரை முதல் ஐந்து மணித்தியாலம். விமானச் சீட்டில் அச்சிடப்படும் கணக்கும் இதுவே. றொசல்லயில் ஒரு தோட்ட லயத்திலிருந்து புறப்படுபவர் அந்த விமான நிலையத்தை அடைவதற்கு எடுக்கும் நேரத்தை மட்டும் எவரும் இக்கணக்கில் சேர்ப்பதில்லை.

ஹட்டனுக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் சுமார் 85 கிலோமீற்றர் தான். ஆனால் வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என வளைந்து இறங்கும் வீதியில் நான்கு, ஐந்து மணித்தியாலங்கள் கழிந்துவிடும். மழைக்காலத்தில் இதற்கும் உத்தரவாதமில்லை. விமானம் புறப்பட மூன்று மணித்தியாலங்களுக்கு முன்னர் அங்கு நிற்கவும் வேண்டும். அதிகாலை விமானமெனில் முதல்நாள் மாலையே வாடகை வானில் புறப்பட்டாக வேண்டும். மத்திய கிழக்கிற்குப் பணிப்பெண்ணாகச் செல்லும் தோட்டத்துப் பெண்ணுக்கு, கடல் கடந்து துபாய் சேரும் நேரமும் மலையிறங்கி விமான நிலையம் சேரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. உம்றாவுக்குப் புறப்படும் ஹட்டன் வர்த்தகரின் நிலையும் இதுதான்.

புகையிரதம் இருக்கின்றதே எனலாம். 1884இல் ஹட்டனை எட்டிய இப்பாதை, தோட்ட விளைபொருட்களைக் கொழும்புத் துறைமுகத்திற்கு இறக்குவதையே பிரதான நோக்காகக் கொண்டு அமைக்கப்பட்டது. பயணியின் அவசரம் அன்று கணக்கில் இருக்கவில்லை. றம்புக்கனைக்கு அப்பால் ஒற்றைப் பாதை. 44 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம். கொழும்பு கோட்டையிலிருந்து ஹட்டன் வரையான சுமார் 173 கிலோமீற்றரைக் கடக்க ஐந்தரை மணித்தியாலமளவில் செல்கின்றது. அதாவது, மணிக்கு முப்பது கிலோமீற்றரைச் சற்றே தாண்டும் வேகம்.

இதே மலைக்கு அரை மணித்தியாலமளவில் வந்து சேரவும் ஒரு வழி இருந்தது என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். ஹட்டனுக்கு அருகிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தில் உல்லாசப் பயணிகளைக் கடல் விமானம் கொண்டுவந்து இறக்கியது. அது நீரில் இறங்குவதைக் கொழுந்து பறிப்போர் மலைச்சரிவில் நின்று பார்க்கலாம். அதில் நாம் குறை காணவில்லை. தூரம் என்பது யாருக்காகக் குறைக்கப்படுகின்றது என்பதே எமது கேள்வி.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இக்கேள்வியை மேலும் கூர்மையாக்கியது. இந்தியாவிலிருந்து நிவாரணப் பொருட்களுடன் புறப்பட்ட விமானங்கள் சில மணித்தியாலங்களில் இலங்கையில் தரையிறங்கின. மலையகப் புகையிரதப் பாதையோ மண்சரிவினால் பல இடங்களில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. நுவரெலியா மாவட்டத்தின் வீதிகள் பலவும் தடைப்பட்டன. கடல் கடந்து வந்த உதவிக்கு மலையேறுவதே கடினமாயிற்று.

மலையை எவராலும் தட்டையாக்க முடியாது. எனினும் மண்சரியும் இடங்களில் தாங்குசுவர்களையும் நீர்வடிகால்களையும் அமைப்பதும், புகையிரதப் பாதையை உல்லாசப் பயணக் காட்சிப் பொருளாக மட்டும் கருதாது மக்களின் போக்குவரத்தாகக் கருதிச் சீரமைப்பதும் இயலாதவை அல்ல. இரவு நேர விமானங்களுக்குப் பொருந்துமாறு ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நம்பகமான பஸ் சேவையை நடத்துவதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. வெளிநாட்டில் உழைத்து இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி அனுப்புவோரில் தோட்டத்துப் பெண்களும் அடங்குவர். அவர்கள் தமது முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை வாடகை வானுக்குப் பட்ட கடனுக்காக ஒதுக்கும் நிலையைப் போக்குவரத்து அமைச்சு இனியாவது கவனத்திற் கொள்ள வேண்டும்.