முருகைக்கல்லைப் படிக்கவும் பிள்ளைகள் வேண்டும்

உயர்தரத்தில் உயிரியல் பிரிவை எடுத்த நாளிலிருந்து என்னைக் காணும் உறவினர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "டொக்டரா வரப் போறீங்களா மகள்?" இல்லை என்று சொன்னால், "அப்ப ரீச்சரா?" என்று கேட்பார்கள். வைத்தியமும் ஆசிரியப் பணியும் மேலான தொழில்கள். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் உயிரியல் பிரிவுக்கு இந்த இரண்டு வாசல்கள்தான் உண்டு என்று நாம் முடிவு செய்துவிட்டது சரியா? கடலைப் பார்த்து வளர்ந்த எம்மில் ஒருத்தியாவது கடலைப் படிக்கப் போக வேண்டாமா? முருகைக்கற் பாறைகளைப் பாதுகாக்க ஆய்வு செய்யும் கடற்சூழலியலாளரின் தொழிலைப் பற்றி எமது மாணவிகளும் பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெயரில் 'கல்' இருந்தாலும் முருகைக்கல்லைக் கட்டுவது ஓர் உயிர். ஜெலிமீனின் உறவான மிகச் சிறிய விலங்கு அது. கடல் நீரிலிருந்து கல்சியம் காபனேற்றைப் படியச் செய்து தனக்கு வீடு கட்டுகிறது. அதன் உடலுக்குள்ளே நுண்ணிய அல்காக்கள் வாழ்கின்றன. அவை ஒளித்தொகுப்புச் செய்து உணவில் பெரும்பகுதியைக் கொடுக்கின்றன. நிறத்தைக் கொடுப்பதும் பெரும்பாலும் அவைதான். கடல் நீரின் வெப்பநிலை வழக்கமான கோடை உச்சத்தை விட 1 பாகை செல்சியஸ் உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே அல்காக்கள் வெளியேற்றப்பட்டு, முருகைக்கல் வெளிறிப் போகிறது. வெப்பம் தணியாவிட்டால் அது பட்டினியால் இறக்கிறது. கடலடியில் 1 சதவீதத்துக்கும் குறைந்த இடத்தில்தான் இந்தப் பாறைகள் உள்ளன. ஆயினும் கடல்வாழ் இனங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தம் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் இவற்றை நம்பியிருக்கின்றது. எமது சமையலறைக்கு வரும் பல மீன்களும் அதில் அடக்கம்.

கடற்சூழலியலாளர் அங்கே என்ன செய்கிறார்? சுழியோடி இறங்கி, பாறையின் மேல் அளவு நாடாவை விரித்து, அதன் கீழே எவ்வளவு உயிருள்ள முருகைக்கல், எவ்வளவு இறந்தது, எவ்வளவு மணல் என்று பதிவு செய்கிறார். சதுரச் சட்டம் வைத்துப் படம் எடுக்கிறார். மீன்களை இனம் இனமாக எண்ணுகிறார். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குப் போய் அதையே செய்கிறார். பின்னர் கரைக்கு வந்து கணினியில் புள்ளிவிபரங்களோடு மாதக்கணக்கில் இருக்கிறார். கேட்பதற்குச் சலிப்பாக இருக்கலாம். ஆனால் அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் என்ன இழந்தோம் என்பதே எமக்குத் தெரியாது.

1998ஆம் ஆண்டு இந்து சமுத்திரம் சூடாகியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பாரிலும் ஆழமற்ற இடங்களில் இருந்த முருகைக்கற்களில் பெரும்பகுதி அழிந்தது. திருகோணமலைக் கடலில் உள்ளவை பெரிதும் தப்பின. இதை எம்மால் இன்று சொல்ல முடிவது, நாரா நிறுவனத்தின் அர்ஜான் ராஜசூரிய போன்ற ஆய்வாளர்கள் அதற்கு முன்பே இறங்கி அளந்து வைத்திருந்ததால்தான். தப்பிய பாறைகளுள் ஒன்று நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு. 2003இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வெப்பத்துக்குத் தப்பிய அந்த முருகைக்கல்லை இப்போது மிதித்து உடைப்பது சுற்றுலா போகும் எமது கால்கள்தான்.

"முருகைக்கல் அழிந்தால் எமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பர் 26 பதில் சொல்லும். தென்மேற்குக் கரையில் பல காலமாகச் சுண்ணாம்புச் சூளைகளுக்காக முருகைக்கல் வெட்டப்பட்டு வந்தது. சுனாமியன்று பெரலியவில் அலை வெகுதூரம் உள்ளே வந்து ரயிலையே புரட்டிப் போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தெற்கே, பாறை எஞ்சியிருந்த ஹிக்கடுவையில் நீர் ஏறிய தூரம் மிகக் குறைவு. கடலடியில் முருகைக்கல் அகற்றப்பட்டிருந்தது இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கிய காரணம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எடுத்துக்காட்டினர். சுனாமியில் உறவுகளைப் பறிகொடுக்காத வீடு எமது கிழக்குக் கரையில் குறைவு. நாம்தான் இந்தப் பாடத்தை முதலில் படித்திருக்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு எமது ஊர்ப் பிள்ளைகள் ஏன் வேண்டும்? வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து தரவுகளை எடுத்துக்கொண்டு, உள்ளூர் மக்களைச் சேர்க்காமல் திரும்பிவிடும் வழக்கத்தை, நீலத் திமிங்கிலங்களை ஆராயும் எமது நாட்டுப் பெண் விஞ்ஞானி அஷா டி வொஸ் பல மேடைகளில் கண்டித்திருக்கிறார். ஆய்வறிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தோணியில் போகும் எமது மாமாமாரும் சாச்சாமாரும் தமிழில் பேசுகிறார்கள். காயங்கேணிக் கடற்பகுதி 2019இல் சரணாலயமாக்கப்பட்டது. எங்கே நங்கூரம் போடக் கூடாது, ஏன் போடக் கூடாது என்பதை அவர்கள் நம்பும் ஒருவர் விளக்காவிட்டால் அறிவிப்புப் பலகை மட்டும் கடலைக் காக்காது. எந்தக் காற்றில் எந்தப் பாரில் என்ன மீன் கூடும், முன்பு கிடைத்து இப்போது கிடைக்காத மீன் எது என்ற அறிவு அவர்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டு எழுத மொழி தெரிந்த ஆய்வாளர் வேண்டும்.

என் ஆசையை வாப்பாவிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "தண்ணிக்குள்ள போற தொழில் பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு மகள்?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் உள்ள பதில் இதுதான். சுழியோடிகளின் உடை கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும். தலைக்கும் தனி உறை உண்டு. மேலே தளர்வான ஆடை அணிந்துகொள்ளவும் தடையில்லை. தனியாக யாரும் இறங்குவதில்லை, துணையோடுதான் இறங்க வேண்டும் என்பது சுழியோடலின் முதல் விதி. அந்தத் துணை ஒரு பெண்ணாக இருக்கவும் முடியும். 1970இல் சில்வியா ஏர்ல் தலைமையில் ஐந்து பெண்கள் மட்டுமே கொண்ட குழு, கரீபியக் கடலில் முருகைக்கற் பாறைக்கு அருகே நீருக்கடியிலான ஆய்வுகூடத்தில் இரண்டு வாரம் தங்கி ஆய்வு செய்தது. அது நடந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கடலுக்குள் இறங்காமலே செய்யும் வேலைகளும் இத்துறையில் நிறைய உண்டு. செய்மதித் தரவில் கடல் வெப்பத்தைக் கணிப்பது, ஆய்வுகூடத்தில் மரபணுவை ஆராய்வது, கடற்சட்டங்களுக்கு ஆலோசனை வழங்குவது எல்லாம் இதில் அடங்கும். வாப்பா இன்னும் சம்மதம் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

இரண்டாவது தயக்கம் தொழில் வாய்ப்பு. இதை மறைக்கக் கூடாது. பதவிகள் குறைவு, ஒரு வைத்தியரைப் போல உழைக்கவும் முடியாது. ஆனால் வழி இருக்கிறது. றுகுணு பல்கலைக்கழகத்தில் மீன்பிடி, கடல் விஞ்ஞானத்துக்கென்றே ஒரு பீடம் உண்டு. விஞ்ஞான பீடங்களில் விலங்கியல் படித்தும் இத்துறைக்கு வரலாம். நாரா, வனசீவராசிகள் திணைக்களம், கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை, பல்கலைக்கழகங்கள் என்பவற்றுக்கு இந்த அறிவு தேவை. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்திக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கியபோது, சேதத்தை அளந்து சான்று சேர்க்க விஞ்ஞானிகளையே நாடு தேடியது.

பெற்றோரே, சூரா அர்-ரஹ்மானில் முத்தோடு சேர்த்து மர்ஜானும் சொல்லப்படுகிறது. எமது பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டுகிறோம். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளைக் கடலில் சாக விடுவது முறையா? பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டைப் பிள்ளையோடு அமர்ந்து முழுவதும் வாசியுங்கள். மருத்துவத்துக்குக் கீழே உள்ள பாடநெறிகளைத் தோற்றவர்களின் பட்டியலாகப் பார்க்க வேண்டாம்.

சகோதரிகளே, ஆங்கிலமும் சிங்களமும் படிப்போம். கடலருகே பிறந்தும் எம்மில் பலருக்கு நீந்தத் தெரியாது. பெண் பயிற்சியாளரைக் கொண்டு மாணவிகளுக்கு நீச்சல் கற்பிக்கக் கல்லூரியும் பெற்றோரும் சேர்ந்து ஒரு வழி செய்ய வேண்டும் என்று இந்தச் சஞ்சிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன். கடலை ஆராயப் போகிறவளுக்கு மட்டுமல்ல, கரையில் வாழும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அது தேவை.