செருப்புக்குக் காவல்

பள்ளிக்கூட மைதானத்தில் மாலை வேளையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடும் பிள்ளைகளைச் சற்று நேரம் நின்று கவனிப்பவர்களுக்கு, எந்தக் கட்சியிலும் சேராமல் வேப்பமரத்தடியில் எல்லோருடைய செருப்புகளுக்கும் புத்தகப் பைகளுக்கும் காவலாக உட்கார்ந்திருக்கும் ஸ்தூல சரீரமுள்ள பையன் ஒருவன் கண்ணில் படாமலிருப்பது அரிது. ஓடியாடி விளையாடாததனால்தான் இப்படிப் பருத்துவிட்டான் என்று நாமும் சர்வ நிச்சயமாகச் சொல்லிவிடுகிறோம். பருமனாக இருந்ததனாலேயே, ஓடினால் மூச்சு வாங்குவதற்கும் பிறர் நகைப்பதற்கும் அஞ்சி அவன் ஆட்டத்தை விட்டு விலகினானோ என்று யோசிப்பதில்லை.

இங்கிலாந்தில் பிளைமவுத் நகரத்துக் குழந்தைகளை ஐந்தாம் வயது முதல் வருஷந்தோறும் பரிசோதித்து, இடுப்பில் சிறு கருவியொன்றைக் கட்டி அவர்களுடைய நடமாட்டத்தை அளந்துவந்த 'ஏர்லிபேர்ட்' ஆராய்ச்சியினர் 2010-இல் வெளியிட்ட முடிவு விசித்திரமானது. ஏழு வயதில் கொழுப்பு மிகுந்திருந்தவர்கள் பத்து வயதுக்குள் ஓட்டம் குறைந்துபோனார்கள். ஓட்டம் குறைந்திருந்தவர்களோ அதன் காரணமாகப் பருத்துவிடவில்லை. ஒரு நகரத்துக் குழந்தைகளைக் கொண்டு உலகத்துக்கெல்லாம் விதி வகுப்பது தகாதுதான். ஆனாலும், அரை மணி நேரம் வியர்க்க ஓடிய பிள்ளைக்கு வீடு திரும்பும் வழியில் நாம் வாங்கித் தரும் ஒரு சமோசாவும் ஒரு பாட்டில் கலரும், அவன் செலவழித்த சக்தியை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுகின்றன என்பதைக் கணக்குப் பார்த்தால், எடை விஷயத்தில் மைதானத்தைவிட அடுக்களைக்கும் கடைவீதிக்கும் பொறுப்பு அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

அப்படியானால் தேகப்பயிற்சியால் பிரயோஜனமில்லையா என்று கேட்பவர்களுக்கு, தராசு முள் அசையாவிட்டாலும், ஓடுகிற பிள்ளையின் உடம்பில் இன்சுலின் செவ்வனே வேலை செய்கிறது, எலும்பு உரம் பெறுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் தினம் சராசரியாக 60 நிமிஷமாவது ஓடியாட வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அபிப்பிராயம். நம் பள்ளிகளிலோ வாரத்தில் கிடைக்கும் ஓரிரு விளையாட்டுப் பீரியடையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு உபாத்தியாயர் கடன் வாங்கிக்கொள்கிறார். அந்தக் கடன் திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

விளையாட்டு ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம்: நாளை கட்சி பிரிக்கும்போது மரத்தடியிலிருக்கும் அந்தப் பையனின் பெயரை முதலில் கூப்பிடுங்கள். செருப்புகள் எங்கும் போய்விடமாட்டா.